தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டு நிறைவும் ஒரு சிறு வேண்டுகோளும்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். எங்கள் தமிழ்ப் பள்ளியின் அரையாண்டு நல்லபடியாக முடிந்தது. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் தேர்வை நன்றாகச் செய்திருக்கிறார்கள். பொங்கல் விழாவில் பேசியவர்கள், ஆடியவர்கள், சமைத்தவர்கள் அனைவருக்கும் பாராட்டுகள். கதிரை அடுக்கிய அப்பாமாருக்குத் தனி நன்றி. புள்ளிகள் அடுத்த சனிக்கிழமை கையில் கிடைக்கும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரி 21 வாக்கில், நோர்வேயின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஹாமர்ஃபெஸ்டுக்குச் சூரியன் திரும்பியது. இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு அந்தக் கீற்றைக் கண்டால் யாருக்கும் மனம் இளகும்தான். ஆனால் அடுத்த சனிக்கிழமையே ஆறேழு பிள்ளைகள் மெல்லிய ஜாக்கெட்டோடும் ஓட்டச் சப்பாத்தோடும் காரிலிருந்து இறங்கினார்கள். கையில் ‘வொத்தர்’ (குளிர்காலக் கையுறை) இல்லை. கேட்டால், "வெயில் வந்திட்டுது சேர்" என்று ஒரு பொடியன் விளக்கம் சொன்னான்.

வெயில் வந்தது உண்மை. சூடு வரவில்லை. இங்கே பெப்ரவரியும் ஜனவரியைப் போலத்தான், சராசரி −5 பாகை அளவில் நிற்கும். கடல் மெல்லக் குளிர்ந்து மெல்லச் சூடேறுவதால், வெளிச்சம் வந்த பிறகும் குளிர் விடாது. மே மாதத்தில்கூட நாலைந்து பாகைதான். மே 17 நோர்வே தேசிய தின ஊர்வலத்தில் சாறிக்கு உள்ளே கம்பளிக் காற்சட்டை போட்ட அம்மாமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜூலையில் ஒருவழியாகப் பன்னிரண்டைத் தொட்டால், அதுதான் எங்கள் கோடை.

யாழ்ப்பாணத்தில் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிகச் சூடான மாதத்துக்கும் ஐந்து பாகை அளவு வித்தியாசம்தான் வரும். அதற்கே மார்கழியில் என் அப்பப்பா காதை மூடி மஃப்ளர் கட்டுவார். இங்கே வித்தியாசம் பதினேழு.

"காராஷோக்கோடு பார்த்தால் இது ஒரு குளிரா?" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஃபின்மார்க் மாகாணத்திலேயே, கடலை விட்டு உள்நாட்டில் இருக்கும் காராஷோக்கில் 1886 ஜனவரி 1 அன்று −51.4 பாகை பதிவானது. நோர்வேயில் இன்றுவரை அதுதான் சாதனை. எங்களுக்கோ வளைகுடா நீரோட்டத்தின் தொடர்ச்சி வாசல் வரை வருகிறது. துறைமுகம் உறைவதில்லை. ஆனால் தொல்லையும் அதே கடலிலிருந்துதான். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி ஏறி இறங்கும்போது ஈரப்பனி உடுப்பை நனைக்கும், அப்புறம் காற்று அடிக்கும். −5 பாகையில் விநாடிக்கு 10 மீட்டர் காற்று வீசினால் உடம்புக்கு −14 போலத் தெரியும். நனைந்த பருத்தி காயாது, சூட்டையும் பிடித்து வைக்காது. உள்ளே ‘உல்’ (கம்பளி), நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத உடுப்பு. சின்னவர்களுக்கு உடம்பு முழுவதும் மூடும் பனி உடுப்பான பார்க்டிரெஸ். நோர்வே ஸ்கூலுக்கு இதெல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. தமிழ்ப் பள்ளிக்கு மட்டும் ஏன் இல்லை? "காரிலே வந்து காரிலே போறதுதானே" என்பது பதிலாகாது. இடைவேளை இருபது நிமிடம் வெளியே.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் முடியும்வரை கையுறையும் காற்றுத்தடுப்பு உடுப்பும் இல்லாமல் வரும் பிள்ளையின் வீட்டுக்கு அப்போதே ஃபோன் வரும். நீங்கள் வந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நாலு பிள்ளைகளுக்காக மற்ற எல்லோரையும் உள்ளே அடைத்து வைக்க இனி முடியாது. ஆசிரியர்கள் தங்கள் கையுறையைக் கழற்றிக் கொடுப்பதும் போதும்.

குறை சொல்ல எனக்கும் பெரிய தகுதியில்லை. 1987இல் மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்து இறங்கியபோது என் காலில் தோல் சப்பாத்து. முதல் ஜோடி ‘வொத்தர்’ மேற்பார்வையாளர் தந்தது. இரவு வேலை முடித்து, தூங்காமல் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் பலர் என்பதும் தெரியும். அந்த அவசரத்தில் கையுறை மறந்துபோவது இயல்பு. வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைக்குச் சிறிதாகிப்போன உடுப்பை அதில் போடுங்கள், தேவையானதைக் கேட்காமலே எடுங்கள். இரண்டு பைகள் ஏற்கெனவே வந்துவிட்டன. தந்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை தவறாமல் பிள்ளைகளை அனுப்பும் உங்கள் எல்லோருக்கும்தான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: கழிவறைக் கதவருகே ஒற்றை நீலக் கையுறை மூன்று வாரமாகத் தொங்குகிறது. இடது கை.