செயற்கை அடிவானம் பழுதானால் கையடக்க ஜிபிஎஸ் காப்பாற்றுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையடக்க ஜிபிஎஸ்ஸோ கைபேசிச் செயலியோ பக்கத்தில் இருந்தால் போதும், சிறு விமானத்தின் கருவிகள் பழுதானாலும் சமாளித்து இறங்கிவிடலாம் என்ற நம்பிக்கை பயிற்சி மாணவர்களிடையே பரவியிருக்கிறது. இதில் பாதிதான் உண்மை. மீதியை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

பழைய செஸ்னா 172 வகை விமானங்களில் செயற்கை அடிவானமும் (விமானம் சாய்ந்திருக்கிறதா, மூக்கு மேலா கீழா என்று காட்டும் கருவி) திசை காட்டும் கைரோவும் (வேகமாகச் சுழலும் சக்கரத்தால் இயங்கும் கருவி) வேக்கம் பம்பின் உறிஞ்சலில் ஓடுகின்றன. உலர் பம்புக்குள் இருப்பவை கரித் தகடுகள். அவை பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல் உடைந்துவிடும். கைரோவோ உடனே நிற்காது. சுழற்சி குறையக் குறைய அடிவானம் மெல்லச் சரியும். மேகத்துக்குள் இருக்கும் விமானி, விமானம்தான் சாய்கிறது என்று எண்ணி எதிர்ப்பக்கம் திருப்புவார். அதுவரை மட்டமாகப் பறந்த விமானம் அப்போதுதான் சாயத் தொடங்கும். 2000 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் மிசோரி மாநில ஆளுநர் மெல் கர்னஹான் சென்ற செஸ்னா 335 விழுந்து மூவர் இறந்தனர். விமானி திக்குத் திசை புரியாமல் தடுமாறியதே காரணம் என்றது விசாரணை. முதன்மை அடிவானக் கருவி பழுதானதையும் மோசமான வானிலையையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்து இல்லினாய் பல்கலைக்கழகம் 1954இல் நடத்திய சோதனையில், பார்வை மறைந்த பிறகு கட்டுப்பாட்டை இழக்க அவர்களுக்கு ஆன சராசரி நேரம் 178 நொடிகள்.

இந்த நேரத்தில் கையடக்க ஜிபிஎஸ் ஒன்றை மட்டும் நன்றாகச் செய்யும்: விமானம் திரும்புகிறதா இல்லையா என்று சொல்லும். திரையில் டிராக் எண் (தரைமீது விமானம் நகரும் திசை) அசையாமல் இருந்து, பலகையில் பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் பந்தும் நடுவில் நின்றால், இறக்கைகள் மட்டமாக உள்ளன என்று நம்பலாம். வினாடிக்கு 3 பாகை வீதம் திரும்பினால் ஒரு நிமிடத்தில் எதிர்த்திசைக்கு வந்துவிடலாம். 100 நாட் வேகத்தில் அதற்கு 15 பாகைச் சாய்வு போதும். ஆனால் நொடிக்கு ஒருமுறை மட்டும் புதுப்பிக்கும் கருவிகளில் எண் சற்றுத் தாமதித்தே வரும். அதைத் துரத்தினால் இடமும் வலமுமாக ஆட்டம் கூடிக்கொண்டே போகும். சிறிதாகத் திருத்தி, இரண்டு நொடி பொறுத்து, பிறகு பார்க்க வேண்டும். மூக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியவே தெரியாது. அதை வேகமானியிலும் உயரமானியிலும்தான் பார்க்க வேண்டும். சில கருவிகளின் திரையில் வரும் கருவிப் பலகைப் படம் டிராக், வேகம், உயரம் ஆகியவற்றிலிருந்து கணக்கிட்டு வரைந்தது. அதன் பின்னால் கைரோ எதுவும் இல்லை.

மிகப் பெரிய ஆபத்து வேகத்தில் இருக்கிறது. ஜிபிஎஸ் காட்டுவது தரை வேகம். இறக்கைக்கு வேண்டியது காற்று வேகம். வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாய் அடைத்துக்கொண்டு, பின்னாலிருந்து 20 நாட் காற்று வீசும்போது, திரையில் 65 என்று வைத்து இறங்கினால் உண்மைக் காற்று வேகம் 45. செஸ்னா 172எஸ், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இறக்காத நிலையில் 48 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழந்துவிடும். பிட்டோ பழுதானால் காற்றுக்கு நேராகவும் அதற்கு எதிர்த்திசையிலும் ஒரே பவரில் பறந்து, இரு தரை வேகங்களின் சராசரியை எடுங்கள். அதில் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் 2 சதவீதம் கழித்தால் வேகமானி காட்டியிருக்கக்கூடிய எண் ஏறத்தாழக் கிடைக்கும். 5000 அடியில் சராசரி 110 என்றால் சுமார் 100. இதைவிட நல்ல வழி, பறக்கும் அந்த விமானத்தின் ஆர்பிஎம்மையும் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வேகத்தையும் மட்டப் பறத்தல், இறக்கம், தரையணுகல் மூன்றுக்கும் முன்கூட்டியே ஓர் அட்டையில் எழுதி வைப்பது.

உயரத்தில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தென்னிந்தியா, இலங்கை வட்டாரத்தில் உண்மைக் கடல் மட்டம், ஜிபிஎஸ் அடிப்படையாகக் கொள்ளும் கணித நீள்வட்டத்துக்குச் சுமார் 300 அடி கீழே இருக்கிறது. விமானத்துக்கென்று செய்த கருவிகள் இதைத் திருத்திக் காட்டும். கைபேசிச் செயலிகள் பல திருத்துவதில்லை. கடலோர ஓடுதளத்தில் நிற்கும்போதே உயரம் கழித்தல் குறியோடு வந்தால் இதுதான் காரணம். கோடையில் உயரமானி 5000 அடி காட்டும்போது உண்மை உயரம் 5300 அடிக்கு மேல் இருப்பது சகஜம். திருத்தாத கைபேசி அந்த 300 அடியைக் குறைத்துக் காட்டுவதால் இரண்டு எண்களும் பொருந்திவிடும். ‘கைபேசி எவ்வளவு துல்லியம்!’ என்று ஏமாந்துபோவது இங்கேதான். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் உயரத்தை உயரமானியில் மட்டுமே பிடிக்க வேண்டும்.

திசைக்கோ நம் ஊரில் காந்தத் திசைகாட்டியையே இன்னும் கொஞ்சம் நம்பலாம். காந்த நடுக்கோடு (புவிக்காந்தத்தின் நிலநடுக்கோடு) இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், திரும்பும்போது வரும் பிழை இங்கே மிகக் குறைவு. வெளிநாட்டுப் பாடநூல்கள் சொல்லும் பெரிய திருத்தங்கள் அந்த நாடுகளின் அட்சரேகைக்கு உரியவை.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். யோக்கில் (விமானத்தின் கைப்பிடிச் சக்கரம்) மாட்டினால் அது இயக்கும் ஏலரானையும் (சாய்க்கும் மடல்) எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) முழு எல்லைவரை அசைத்துப் பாருங்கள். காந்தத்தால் ஒட்டும் தாங்கிகளைத் திசைகாட்டியின் அருகே வைக்காதீர்கள். வெயிலில் கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சு கப் கழன்று விழும். ஐபேட் 35 பாகை செல்சியஸ் வெப்பம் வரைக்கும்தான் உத்தரவாதம், அதற்கு மேல் சூடேறினால் அணைந்துபோகக்கூடும். காருக்கான 12 வோல்ட் சார்ஜரை 28 வோல்ட் விமானத்தில் செருகினால் கருகிவிடலாம். மலிவான சார்ஜர்கள் ரேடியோவில் இரைச்சலும் கிளப்பும். பஞ்சாப், ஜம்மு எல்லைப் பக்கம் பறப்பவர்களுக்கு ஜிபிஎஸ் குறுக்கீடு புதிதல்ல. சிக்னல் மறைந்தால் தெரிந்துவிடும், பொய்யான சிக்னல் வந்தால் தெரியாது.

விமான உரிமையாளர்கள் பணம் செலவழிக்க விரும்பினால், தனி பேட்டரியோடு கூடிய மின்னணு அடிவானத்தைப் பலகையிலேயே நிரந்தரமாகப் பொருத்துங்கள். கார்மின் ஜி5 போன்றவற்றின் பேட்டரி நான்கு மணி நேரம் வரை தாங்கும். அதுவரை பயிற்சிப் பள்ளிகள் ஒரு வகுப்பையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, வெளியே பார்க்க முடியாதபடி மறைக்கும் முகமூடி போட்டு, அடிவானத்தையும் திசை கைரோவையும் காகிதத்தால் மூடி, மூன்று நிமிடம் நேராகப் பறத்தல், 180 பாகைத் திருப்பம், நிமிடத்துக்கு 500 அடி இறக்கம். இந்த மூன்றும் கைவராத மாணவரை, ‘ஜிபிஎஸ்தான் இருக்கிறதே’ என்ற தைரியத்தில் மேகமூட்டமான நாளில் தனியே அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
விமானப் பயிற்றுநர் ஒருவர்,
சேலம்.