‘சிலபஸ்’ஸுக்கு ஒரே பன்மைதானா?

பள்ளித் தேர்வுகளுக்கு ஆங்கில வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். எந்தக் கேள்வியைப் பற்றி எழுதுகிறோம் என்பது தங்களுக்கே தெரியும். ‘சிலபஸ்’ஸின் பன்மை எது என்று கேட்டு, ‘சிலபை’, ‘சிலபஸஸ்’ இரண்டையும் விடைகளில் வைத்து, முன்னதற்கு மட்டும் மதிப்பெண் என்று முடித்தீர்களே, அந்த ஒரு மதிப்பெண் கேள்விதான்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இரண்டையும் சரி என்கிறது, மெரியம்-வெப்ஸ்டரும் அப்படியே. அகராதியைப் புரட்டிய பிள்ளைக்கு மதிப்பெண் போயிற்று, கைடை உருப்போட்ட பிள்ளைக்குக் கிடைத்தது.

‘சிலபை’தான் அசல் லத்தீன் என்று தாங்கள் சொல்லக்கூடும். அந்தச் சொல்லின் பிறப்பே ஒரு பிழை. பண்டைய ரோமின் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களில் இருந்தது ‘சிட்டிபா’ என்ற கிரேக்கச் சொல்; ஏட்டுச் சுருளில் தொங்கும் பெயர்ச்சீட்டு என்று பொருள். 15ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளில் அது ‘சிலபஸ்’ எனத் திரிந்து நிலைத்துவிட்டது. பிழையில் பிறந்த சொல்லுக்குக் குலம் கோத்திரம் பார்த்தா மதிப்பெண்ணைக் கழிப்பது? ‘ஆக்டோபஸ்’ கதையும் இதுவே. அது கிரேக்கம், லத்தீன் வாலை ஒட்டி ‘ஆக்டோபை’ ஆக்கினார்கள். நாள்தோறும் புழங்குவது ‘ஆக்டோபஸஸ்’.

சில சொற்களில் இரண்டு பன்மைக்கும் வேலை வேறு. பூச்சியின் உணர்கொம்புகளுக்கு ‘ஆண்டெனே’, வானொலிக்கு ‘ஆண்டெனாஸ்’. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ‘இண்டெக்ஸஸ்’, கணக்கில் ‘இண்டிசீஸ்’. வாக்கியம் இல்லாமல் சொல்லை மட்டும் கொடுத்தால் பிள்ளை எதை எழுதும்?

எல்லாவற்றையும் சரியென்று ஏற்கச் சொல்லவில்லை. ‘ஒரு கிரைட்டீரியா’ பிழைதான் (அது ‘கிரைட்டீரியன்’ என்பதன் பன்மை), ‘சில்ட்ரன்ஸ்’ பிழைதான். ஆனால் ‘சில்ட்ரன்’ எப்படி வந்தது? ‘சில்டர்’ என்று ஏற்கெனவே இருந்த பன்மையின் மேல் இன்னொரு பன்மை விகுதியை ஏற்றியதால் வந்தது. நம் ‘அவர்கள்’ போல: ‘அர்’ போதாதென்று ‘கள்’ளும் சேர்ந்தது. பிள்ளைகள் மூன்றாவதையும் ஏற்றுகிறார்கள், அவ்வளவே. ‘பத்து தேங்காய்’ என்றாலே தமிழில் போதும் என்பதால் ‘டென் கோகோநட்’ என்றும் எழுதுகிறார்கள். காரணம் தெரிந்தால் திருத்துவது சுலபம். சிவப்பு மையால் சுழிப்பதால் அது தெரியாது.

இதற்கிடையே பள்ளிகளுக்கு வரும் சுற்றறிக்கைகளில் ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘இக்விப்மென்ட்ஸ்’ என்று, பன்மை விகுதி ஏற்காத சொற்களின் பன்மைகள் எல்லாம் தாராளமாக உலவுகின்றன. அவற்றுக்கு யார் மதிப்பெண் குறைப்பது? சரி, அது வேறு துறை. மன்னிக்கவும்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே: அகராதி இரண்டு பன்மை தரும் சொல்லுக்கு, விடைக்குறிப்பும் இரண்டையும் ஏற்க வேண்டும். ஒன்றையே கேட்க விரும்பினால் ‘கூஸ்’, ‘டூத்’, ‘கிரைசிஸ்’, ‘ஓயாசிஸ்’ இருக்கின்றன. இவற்றில் தகராறே வராது. வினாத்தாள் அச்சுக்குப் போகுமுன் அச்சொல்லை இரண்டு அகராதிகளில் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. அந்த ‘சிலபஸஸ்’ விடைக்கும் மதிப்பெண் வழங்கித் திருத்திய விடைக்குறிப்பை, விடைத்தாள் திருத்தும் பணி முடிவதற்குள் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆங்கிலப் பாட ஆசிரியர்கள் சிலர்