அக்கா, அந்தப் பெட்டியை மறுபடி பூட்டாதீர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளையைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்த கையோடு டிரங்குப் பெட்டியைத் திறந்து, அவனுடைய வசம்பு வளையல், கறுத்துப்போன வெள்ளிப் பாலாடை, தொட்டில் கட்டிய நூல்சேலை, கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்கள், ஒரு டப்பா நிறையப் புங்கங்காய் என ஒவ்வொன்றாக எடுத்து வைத்ததாகவும், இவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவற்றைக் கொண்டு ஒரு படைப்பைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

மேரி கெல்லி என்ற அமெரிக்கக் கலைஞர், லண்டனில் வாழ்ந்தபோது, மகன் பிறந்த 1973 முதல் 1979 வரை ‘போஸ்ட் பார்ட்டம் டாக்குமென்ட்’ (பேற்றுக்குப் பிந்தைய ஆவணம்) என்ற படைப்பில் உழைத்தார். ஆறு பகுதிகள் கொண்ட அதில், கறை படிந்த அணையாடைத் துணிகளுக்கு அருகே அன்று என்ன ஊட்டினார் என்ற குறிப்பு இருக்கும். போர்வைத் துண்டும் பிளாஸ்டரில் பதிந்த சின்னக் கையும் இருக்கும். 1976இல் முதல் பகுதிகள் காட்சிக்கு வந்தபோது பத்திரிகைகள் அணையாடையைப் பற்றியே கூச்சலிட்டன. எனக்கு மிகவும் நெருக்கமானது ஐந்தாம் பகுதி. மகன் கொண்டுவந்து கொடுத்த செடிகளையும் பூச்சிகளையும் அருங்காட்சியகத்து மாதிரிகளைப் போல வகைப்படுத்தி, அவன் கேட்ட கேள்விகளையும் அதில் சேர்த்தார். பொருள்கள் பிள்ளையுடையவை, ஆனால் அவற்றைக் குறித்துவைத்த கை தாயுடையது. அந்தக் கையைத்தான் உங்கள் பெட்டியில் காணவில்லை, அக்கா.

நான் என் மகளுக்காகச் செய்தபோது முதலில் ஒரு பெரிய தவறு செய்தேன். தொட்டில் துணியிலிருந்த எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் அசிங்கமாகத் தெரியுமே என்று ஊறவைத்துத் துவைத்தேன். காய்ந்து வந்தது வெறும் துணி. அதன் பிறகுதான் அரச இலைகளைத் தண்ணீரில் போட்டு, மூன்று நான்கு வாரங்கள் அழுகவிட்டு, மென்மையான தூரிகையால் சதையை நீக்கி நரம்பை மட்டும் எடுத்தேன். (நாற்றம் தாங்காது, தொட்டியைக் கொல்லைப்புறத்தில் வையுங்கள்.) வலைபோல நின்ற இலைகளைத் துணியின்மேல் தைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஓர் இரவைப் பற்றி எழுதினேன். பெருமைப்படும் இரவுகளை அல்ல. அழுகிற குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்த இரவைத்தான் முதலில் எழுதினேன். பதினோரு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை ஊசியும் நூலும் கையிலிருந்ததால் சொல்ல முடிந்தது.

நீங்களும் அழகாக அடுக்கத் தொடங்காதீர்கள். புங்கங்காய்களை அவன் எந்த வயதில் பொறுக்கினான் என்பதைவிட, அவற்றை அப்புறப்படுத்தாமல் நீங்கள் ஏன் வைத்திருந்தீர்கள் என்பதை எழுதுங்கள். வேலையை விட்ட ஆண்டு அதுதானே?

வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று அம்மா சொல்வாரே, அதன் வாடைக்குப் பூச்சியும் அண்டாது. அந்த வளையலை இலைகளுக்கும் காய்களுக்கும் நடுவில் வைத்துத் தையுங்கள். பாலாடையைத் தேய்த்து மினுக்கிவிட வேண்டாம். பொங்கல் விடுமுறைக்கு வரும்போது, நரம்பெடுத்த இலைகள் இருபதைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை