பனி விழுவதற்கு முன்னால் போத்து வெட்டு

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். தொட்டி நிறையச் சிவப்பு ஜெரேனியம் பூ! "இங்கே ஒரு கொத்து பூக்கிறதுக்கு உங்கப்பா தவம் கிடக்கிறார்" என்று அம்மா சொல்லிக் காட்டினாள். ராத்திரியிலும் புழுங்கும் ஊரில் அது இலைதான் விடும். குளிரான கேமரன் மலைக் கடைகளில் பூத்துக் குலுங்குவதை வாங்கிவந்து கீழே வைத்தால் நான்கைந்து வாரத்தில் முகம் சோர்ந்துவிடும். பினாங்கில் கொடிமலை உச்சியில் மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்கும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். குளிர்காலத்தில் வெளியே விடலாமா என்றால், கூடாது. கடைச் சீட்டில் ஜெரேனியம் என்று போட்டிருந்தாலும் உன்னிடம் இருப்பது பெலார்கோனியம். அதன் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. தண்டு முழுக்கத் தண்ணீர். இங்கிலாந்தில், உன் லீட்ஸில் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் போதும், காலையில் கறுத்துத் தொங்கும்.

அதனால் இந்த வாரமே போத்து, அதாவது நட்டு வேர் பிடிக்கவைக்கும் கிளைத் துண்டு, வெட்டிவிடு. பூ இல்லாத கிளையாகப் பார். நுனியிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டு. மேலே இரண்டு மூன்று இலை போதும், மொட்டு இருந்தால் கிள்ளிப் போடு. கணுவை உற்றுப் பார்த்தால் காகிதம் போல மெல்லிய செதில் ஒட்டியிருக்கும். அதையும் நகத்தால் உரித்துவிடு, அழுகல் பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும். வெட்டு வாய் காய இரண்டு மூன்று மணி நேரம் மேசையில் கிடக்கட்டும். வேர் விடவைக்கும் மருந்து எதுவும் வாங்காதே, காசுக்குக் கேடு.

மண்ணில் பாதி பெர்லைட் கலந்துகொள், தண்ணீர் தேங்காமல் வடியவைக்கும் வெள்ளைத் துகள் அது. இங்கே நான் கருக்கிய உமியும் ஆற்று மணலும் போடுகிறேன், அங்கே உமிக்கு எங்கே போவாய்! சின்னத் தொட்டியின் ஓரமாக நட்டு, ஒருமுறை தண்ணீர் விடு. அப்புறம் மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்தது. பிளாஸ்டிக் பையால் மூடாதே. இலையில் மெல்லிய ரோமம் இருப்பதால் ஈரம் தங்கிச் சாம்பல் பூஞ்சணம் வந்துவிடும். மூன்று நான்கு வாரத்தில் நுனியில் புது இலை தெரிந்தால் வேர் பிடித்ததாக அர்த்தம்.

மண்ணை ஒட்டித் தண்டு ஈரமாய்க் கறுக்கிறதா என்று மட்டும் அடிக்கடி பார். புரட்டாசி, ஐப்பசி மழையில் நம் வீட்டுப் போர்ச்சில் அதுதான் நடக்கிறது. கறுப்பு ஏறினால் மருந்து தேடாதே, தூக்கிப் போடு, பக்கத்துத் தொட்டியையாவது காப்பாற்றலாம்.

தாய்ச் செடியைப் பாதியாக வெட்டி, ஹீட்டருக்குத் தள்ளி, வெளிச்சம் விழும் சன்னலோரம் வை. ஐந்து டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். மே மாதக் கடைசியில் வெளியே கொண்டுபோய், தக்காளிக்குப் போடும் உரத்தைக் கொடு.

தைப்பூசத்துக்கு வருவதாக இருந்தால், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி தோழியிடம் சாவி கொடுத்துவிட்டு வராதே. பனிக்காலத்தில் இரண்டு மூன்று வாரம் காய்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பாவம் என்று ஊற்றுகிறவர்கள் கையில்தான் அது சாகும்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா