சிறுமுகைப் பட்டில் விஸ்கோஸ் இருக்கிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போனிலும் வாட்ஸப்பிலும் சேலை கேட்பவர்களில், கோயமுத்தூர், ஈரோடு பக்கத்துக்காரர்கள் பலர் சற்றுத் தயங்கிவிட்டு ஒன்று கேட்கிறார்கள். "சிறுமுகைன்னா விஸ்கோஸ் ஊர்தானுங்களே? உங்க சாப்ட் சில்க்குல அந்த நூல்தான் ஓடுதுங்களா?" ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கேட்டதில் தப்பே இல்லை. மேட்டுப்பாளையத்தில் சமவெளிக்கு வரும் பவானி, சிறுமுகையை உரசிக்கொண்டுதான் பவானிசாகர் அணைக்குள் போகிறது. 1950-களின் பிற்பகுதியில் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை இங்கே வந்ததற்கு இந்தத் தண்ணீர் ஒரு காரணம், பக்கத்திலேயே நீலகிரியில் கிடைத்த மரம் இன்னொரு காரணம். மரத்தைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டை சல்பைடு சேர்த்துப் பிசுபிசுப்பான கரைசலாக்கி, நுண்துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் இழையாக உறையும். அதுதான் விஸ்கோஸ் என்கிற ரேயான். ஜவுளிக்கடையில் ஆர்ட் சில்க் என்பார்கள். அதாவது, பட்டு வாங்க முடியாதவர்களுக்கான பட்டு இந்த ஊரில்தான் மரத்திலிருந்து பிறந்தது.

இந்த முறையில் ஆலை எங்கே ஓடினாலும் அழுகிய முட்டை வாடை வரும், கழிவுநீரும் நிறைய வரும். 1990-களில் ஆற்றில் கலந்த கழிவைப் பற்றி பவானிக் கரை விவசாயிகள் போராட, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஆலை தள்ளாடித் தள்ளாடி, இந்த நூற்றாண்டு பிறந்த கையோடு ஒரேயடியாக நின்றது.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதைப் பலர் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள்: ஆலை மூடியது, தறி ஊரைக் காப்பாற்றியது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தறி இங்கே ஆலைக்கு முன்பே இருந்தது. பருத்திச் சேலை, பிறகு பட்டுப் பாவும் (நீளவாட்டு நூல்) பருத்தி ஊடையுமாக (குறுக்கு நூல்) கோரா, அதன் பிறகுதான் சாப்ட் சில்க் என்று அது தன் போக்கில் வளர்ந்தது. கோரா காட்டனுக்கு 'கோவை கோரா காட்டன் சேலைகள்' என்ற பெயரில் 2014-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆலையில் ஷிப்டு பார்த்தவர் மறுநாளே தறிக்குழியில் இறங்கி நெய்துவிட முடியாது. கால் மிதிக்கவும், ஊடை ஓட்டும் நாடாவைக் கை எறியவும் சின்ன வயதிலேயே பழகியிருக்க வேண்டும். ஆலையை நம்பியிருந்த குடும்பங்களில் பலர் கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள், சிலர் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிகளுக்கு, சிலர் வாழைத் தோட்டங்களுக்கு. சம்பளத் தேதியை நம்பிக் கடன் கொடுத்த மளிகைக்கடைக்காரர்களுக்கு அந்தக் கடன் பாக்கியில் பாதி வரவே இல்லை. இதையெல்லாம் தறிதான் சரிக்கட்டியது என்று எங்களால் சொல்ல முடியாது. தறி இருந்த வீடுகளில் அடுப்பு அணையவில்லை. அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறோம். எங்கள் சேலையில் பாவும் பட்டு, ஊடையும் பட்டு. நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. கச்சாப் பட்டில் செரிசின் என்ற பசை எடையில் கால்வாசி வரை இருக்கும். சோப்புக் கரைசலில் கொதிக்கவைத்து அதை எடுத்தால்தான் பளபளப்பும் மென்மையும் வரும். ஒரு கிலோ வாங்கினால் முக்கால் கிலோதான் தறிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "எடையே இல்லையே, ஏன் இந்த விலை?" என்று கேட்பவர்களுக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி நெசவுக் கூலி.

ஆனால் விஸ்கோஸ் துளிகூட இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டோம். ஜரிகை இருக்கிறதே! நாங்கள் போடுவது சூரத்திலிருந்து வரும் ஹாப் பைன் ஜரிகை. வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும் நடு நூல் பட்டு அல்ல, ரேயானோ பாலியஸ்டரோதான். சுத்த வெள்ளி ஜரிகைக்குத்தான் பட்டு நூல் போடுவார்கள், அந்த விலைக்கு இந்தச் சேலை விற்காது. ஆகவே பழைய ஜரிகை எடுப்பவரிடம் எங்கள் சேலையைக் கொண்டுபோகாதீர்கள், ஒன்றும் பெயராது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பார்சலில் அதே பாவிலிருந்து கத்தரித்த நூல் கொஞ்சம் தனியாக வைத்திருப்போம். இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பட்டு என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் தானாக அணையும், மிஞ்சும் கருகல் விரலில் பொடியாகும். விஸ்கோஸ் காகிதம் எரிகிற வாடையோடு சடசடவென்று எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும், நசுக்கினாலும் உடையாது. பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியாகக் கொளுத்துங்கள். ஊரில் சிலர் பாவில் மட்டும் பட்டு ஓட்டி, ஊடைக்கு வேறு நூல் போட்டுவிட்டு 'சிறுமுகை சாப்ட் சில்க்' என்றே விற்கிறார்கள். விலை பாதியாக இருந்தால் முதலில் ஊடையைச் சந்தேகப்படுங்கள்.

"இதே சேலை வேறு கலரில் வேணும், அடுத்த வாரம் அனுப்ப முடியுமா?" என்பது அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி. ஒரு பாவு ஏற்றினால் அதில் பல சேலைகள் இறங்கும், எல்லாவற்றுக்கும் பாவு நிறம் ஒன்றே. ஊடையை மட்டும் மாற்றலாம். மயில்நீலப் பாவில் அரக்கு ஊடை ஓட்டினால், வெளிச்சம் படும் பக்கம் ஒரு நிறமும் மடிப்பில் இன்னொரு நிறமுமாகத் தெரியும். போட்டோவில் பார்த்த நிறம் நேரில் வேறாக இருக்கிறது என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்தச் சேலைகளைப் பற்றித்தான். போட்டோ எடுத்தவர் மேல் பழி போட மனசு வரவில்லை.

தனி நிறத்துக்குச் சாயம் போட்டுத் தர முடியாததற்கும் காரணம் உண்டு. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதி உள்ள பட்டறைக்குத்தான் நூலை அனுப்புகிறோம். அவர்கள் சின்ன அளவுக்குத் தொட்டி ஏற்ற மாட்டார்கள். ஊரிலேயே ஒரு அண்டாவில் முக்கி எடுத்துவிடலாமே என்றால், அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது எங்கே என்று உங்களுக்கே தெரியும். இந்த விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு முறை பட்டது போதும்.

ஐப்பசி மழையில் குழித்தறியில் ஈரம் ஏறும், இழை அறும், அறுந்த இழையைப் பிணைக்கவே நேரம் போகும். சாதாரண டிசைனில் இரண்டு மூன்று நாளில் இறங்கும் சேலை அப்போது இழுத்துக்கொண்டு போகும். தீபாவளிக்கு வேண்டும் என்பவர்கள் ஆவணி முடிவதற்குள் பாவு நிறத்தைச் சொல்லி முன்பணம் அனுப்பிவிடுங்கள். புரட்டாசியில் வரும் ஆர்டர்களுக்குத் தறியில் என்ன ஏறியிருக்கிறதோ அந்த நிறங்களில்தான் தர முடியும், அவற்றின் படங்களை மாத முதல் வாரத்தில் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து
சிறுமுகை