சனசமூக நிலைய ஆண்டறிக்கை: ஹோர்ட்டன் சமவெளிப் பயணமும் அடுத்த ஆண்டுத் திட்டமும்

தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழமையான அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசிகசாலை ஒழுங்காக நடந்தது. குளக்கட்டுச் சிரமதானம் மாரிக்கு முன்பே முடிந்தது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

நான் விரிவாகப் பேச வேண்டியது, சித்திரை விடுமுறையில் ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்ததைப் பற்றி. அந்தக் காசுக்குக் கதிரை வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் அந்தக் காசு வீண்போகவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

நுவரெலியாவில் தங்கி, விடியுமுன் புறப்பட்டோம். பிந்திப் போனால், ‘உலக முடிவு’ என்று சொல்லப்படும் செங்குத்துப் பள்ளத்தை முகில் மூடிவிடும். வாயிலில் ஊழியர்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். பிஸ்கட்டின் பொலித்தீன் உறையைக் கழற்றி, கடதாசியில் சுற்றித் தந்தார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்தெடுத்தார்கள். பிள்ளைகளுக்கு முதலில் எரிச்சல்தான். உள்ளே மரை மான்கள் மேய்வதைக் கண்ட பிறகு காரணம் விளங்கியது. சாப்பாட்டு வாசம் ஒட்டிய பொலித்தீனை அவை தின்றுவிடும். தின்றது வயிற்றிலேயே தங்கிவிடும்.

2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரம், கடுங்குளிர். புல்வெளி ஓரத்தில் முறுகி வளைந்த மகாரத்மல் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சிவந்து பூத்திருந்தன. ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தோம்: தோல் போலத் தடிப்பு. மரங்களின் கீழே நெலுப் புதர்கள். நம் இலக்கியம் சொல்லும் குறிஞ்சியின் இனம்தான். அவற்றில் சில வகைகள் ஏறக்குறைய 12 வருடங்களுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, விதை தந்து மடியும். நாம் போனபோது பூவில்லை. பாசி படர்ந்த கிளையொன்றில், மூக்கில் வெள்ளைக் கொம்புடன் ஓர் ஓணான் அசையாமல் இருந்தது. இலங்கை மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரவே மறுத்தார்கள்.

மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்குத் தண்ணீர் ஊறுவதும் இந்தப் பக்கத்தில்தான். யானைகளும் ஒரு காலத்தில் இங்கே திரிந்தன; ஆங்கிலேயர் காலத்து வேட்டையோடு அற்றுப்போயின. யானை நெல்லை அழிக்கும் ஊரிலிருந்து போன நமக்கு அது லேசான செய்தியல்ல. பயிர் அழிந்த வீட்டின் துயரம் எனக்குத் தெரியும். அதற்காக யானையே இல்லாத நம் வன்னியை நான் விரும்பவில்லை.

பயணத்தின் பின் நிருவாக சபை இரண்டு முடிவுகள் எடுத்தது. ஒன்று, குளக்கட்டுக்குப் பொலித்தீன் கொண்டுபோவதில்லை. பொங்கலுக்கும் இதுவே விதி. மற்றது, கார்த்திகைப்பூ, ஆவாரை, கொன்றை என்று ஊரில் பூப்பவற்றை மாணவர்கள் மாதாமாதம் கொப்பியில் பதிவார்கள். வேலை தொடங்கிவிட்டது. வேலியோரத்தில் கார்த்திகைப்பூக் கொடி இலை நுனியைச் சுருட்டிக் கம்பியைப் பற்றி ஏறுவதை ஒரு பிள்ளை அழகாக வரைந்திருக்கிறாள். கொப்பி மேசையில் இருக்கிறது, பாருங்கள்.

அடுத்த பயணம் சுண்டிக்குளத்துக்கு. 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம். நமக்குப் பக்கத்தில் இருந்தும் நம்மில் பலர் போனதில்லை. பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் மாரியோடு களப்புக்கு வரும். செலவும் குறைவு. மார்கழி விடுமுறையில் போகலாம் என்பது எமது யோசனை. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாசிகசாலைப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுக்கவும். சாப்பாட்டை வாழையிலையில் கட்டி வரவும்.

செயலாளர்