மகனுக்கு டி.சி. வாங்கிச் சென்ற தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் மகனைத் தனியார் பள்ளியில் சேர்ப்பதற்காக அவனுடைய மாற்றுச் சான்றிதழை வாங்க எங்கள் அரசுப் பள்ளிக்கு வந்தபோது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், டீச்சர்” என்றீர்கள். கையெழுத்தானதும் எதையோ திருடியவர் போல வேகமாகப் படியிறங்கிப் போனீர்கள். அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அரசுப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளம் வாங்கும் நானும் என் மகளைத் தனியார் பள்ளியில்தான் படிக்கவைத்தேன். எனவே உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. தரத்தை ஆராய்ந்து எடுத்த முடிவு என்று உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் பள்ளியில் அப்போது முதல் வகுப்பிலிருந்துதான் சேர்க்கை. அவர்கள் மூன்று வயதிலேயே கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கே அவளுக்குத் தோழிகள் கிடைத்தார்கள், பாட்டுகள் மனப்பாடமாயின. அதற்குப் பிறகு பிடுங்கி நட யாருக்கு மனம் வரும்? பள்ளியைத் தேர்ந்தெடுப்பதாகத்தான் நினைக்கிறோம். பாதி நேரம் கடிகாரம்தான் தேர்ந்தெடுக்கிறது.

உங்கள் காரணம் வேறு என்று எனக்குத் தெரியும். கணக்கு ஆசிரியர் பணியிடம் ஓர் ஆண்டு முழுக்கக் காலியாகக் கிடந்தபோது இரண்டு முறை கேட்க வந்தீர்கள். முதல் முறை தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை “மேலே எழுதியிருக்கிறோம்” என்று பதில் சொன்னோம். அந்த “மேலே” என்பது எங்கே இருக்கிறது என்று எனக்கே இன்றுவரை தெரியாது. கட்டணம் கட்டும் இடத்தில் இப்படிச் சொல்லி அனுப்பிவிட முடியாது. குறைந்தபட்சம் உட்காரவைத்துப் பேசுவார்கள். கட்டணத்தோடு சேர்த்து, கேள்வி கேட்கும் உரிமையையும் வாங்குவதாகப் பெற்றோர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். அதற்கு நாங்கள்தானே இடம் கொடுத்தோம்.

கழிப்பறை, பஸ், ஆங்கிலம் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. “சூழல் நன்றாக இருக்க வேண்டும்” என்று பெற்றோர் சொல்லும்போது கட்டடத்தையோ பாடத்திட்டத்தையோ சொல்வதில்லை. பிள்ளை யார் பக்கத்தில் உட்காரும் என்பதைத்தான் சொல்கிறார்கள். நானும் அதையே நினைத்தேன், சொல்லத்தான் கூசியது.

அந்த நினைப்பு முழுப் பொய்யும் அல்ல. 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியல் அறிஞர் தலைமையில் லட்சக்கணக்கான மாணவர்களை ஆராய்ந்தார்கள். பள்ளிக்குப் பள்ளி பணமும் வசதியும் மாறுவதால்தான் மதிப்பெண்ணும் மாறுகிறது என்ற முடிவை எதிர்பார்த்தார்கள். வந்த முடிவோ, பிள்ளையின் வீட்டுப் பின்னணிதான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது; அதற்கு அடுத்தபடியாக உடன் படிப்பவர்கள் யார் என்பதும் கணக்கில் வந்தது. பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா தேர்விலும் இதே கதைதான். மேலோட்டமாகப் பார்த்தால் தனியார் பள்ளிகள் முந்துகின்றன. குடும்பங்களின் வசதியையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி கரைந்துபோகிறது. வாசலில் தொங்கும் தேர்ச்சி விகிதப் பலகையில் மின்னும் ஒளியில் பாதி, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தனியார் பள்ளிகளால் சேர்க்கும்போதே சலித்தெடுக்க முடிகிறது. எங்கள் கையில் சல்லடை கிடையாது, வருகிற எல்லோரையும் சேர்ப்பதுதான் எங்கள் வேலை.

இதைச் சொன்னால் நீங்கள் டி.சி.யைத் திருப்பித் தந்துவிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மகனுக்கு அந்தப் பள்ளி நல்லதாகவே அமையட்டும். என் கவலை வேறு. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இலேயே இதை எழுதிவிட்டார்: பொதுப் பள்ளியின் தரம் சரியும்போது முதலில் வெளியேறுகிறவர்கள், தரத்தைப் பற்றி அதிகம் அக்கறைப்படும் பெற்றோர்தான். அவர்கள் இருந்து சத்தம் போட்டிருந்தால் பள்ளி திருந்தியிருக்கக்கூடும். அவர்கள் போனபின் திருந்தச் சொல்ல ஆள் இருப்பதில்லை. கணக்கு ஆசிரியர் எங்கே என்று இரண்டு முறை வந்து கேட்டவர், எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

சிலி நாட்டில் ஓர் அரசே இந்த வெளியேற்றத்துக்கு வண்டி கட்டிக்கொடுத்தது. 1981இல் அங்கிருந்த ராணுவ அரசு, மாணவர் தலைக்கு இவ்வளவு என்று தனியார் பள்ளிகளுக்கும் பொதுப் பணத்தைத் தரத் தொடங்கியது. போட்டி வந்தால் எல்லாப் பள்ளிகளும் மேம்படும் என்பது கணக்கு. ஓரளவு வசதியுள்ளவர்கள் சாரைசாரையாகப் போனார்கள். நாடு முழுவதற்குமான சராசரிக் கல்வித்தரம் இதனால் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிள்ளைகள் வசதிக்கேற்ப வெவ்வேறு பள்ளிகளில் பிரிந்து உட்கார்ந்ததுதான் மிச்சம். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசுப் பணம் பெறும் பள்ளிகள் பிள்ளைகளைச் சலித்தெடுக்கக் கூடாது, லாபம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வர 2015 ஆனது.

(இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரி 1440இல் தொடங்கப்பட்டபோது எழுபது ஏழைச் சிறுவர்கள் இலவசமாகப் படிக்கும் இடம். இன்று அது பெரும்பாலும் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் படிக்கும் இடம். இதற்கும் உங்கள் மகனுக்கும் தொடர்பில்லை; டி.சி. எழுதும்போது இப்படி ஏதாவது எனக்கு நினைவுக்கு வரும்.)

இனி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். அன்று நீங்கள் ஒரு டி.சி.தான் கேட்டீர்கள். உங்கள் மகள் இன்னும் என் வகுப்பில்தான் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் கட்டணம் கட்ட முடியாது என்பது புரிகிறது. ஒருவருக்குத்தான் முடியும் என்னும்போது மகனையே கையைப் பிடித்து அழைத்துப் போகும் தந்தையரை இத்தனை ஆண்டுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். தலைகீழாக நடந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தம்பியின் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொடுத்ததாக மட்டும் சொன்னாள், சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று பாடம் நடத்த முடியவில்லை.

நீங்கள் வாயில்லாத மனிதர் அல்லர். மகன் இங்கே இருந்தபோது கேட்டீர்கள், இனி அங்கேயும் கேட்பீர்கள். அடுத்த மாத முதல் சனிக்கிழமை எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கணக்கு ஆசிரியர் வந்துவிட்டார். அறிவியல் ஆசிரியர் இன்னும் வரவில்லை. வந்து கேளுங்கள். தலைமையாசிரியர் அன்று இருப்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் வகுப்பாசிரியை